தாடியை மழிக்காதீர்கள்

சீனம் போக விரும்பும் வணிகருக்கு முதல் அறிவுரை தாடியைப் பற்றியது. நீளமாக வளர விட வேண்டும், மழிக்கவே கூடாது. மொழிபெயர்ப்பாளர், வேலையாட்கள், மாவு, உப்பிட்ட மீன் எல்லாம் அதற்கு அப்புறம்தான். 1340 வாக்கில் புளோரன்ஸ் நகரத்துக்காரர் ஒருவர் தொகுத்து முடித்த கையேட்டில், தொலைதூரப் பயணத்துக்கு வேண்டியவை என்ற பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. ஏன் தாடி என்று அவர் விளக்கவில்லை. கருங்கடலைத் தாண்டிய பிறகு மழுமழுவென்ற முகத்தை யாரும் பெரிய மனிதர் முகமாக மதிக்க மாட்டார்கள் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பெயர் பிரான்செஸ்கோ பால்துச்சி பெகோலோத்தி. அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய வட்டிக்கடை என்று சொல்லத்தக்க பார்தி நிறுவனத்தில் ஊழியர். ஆண்ட்வெர்ப்பில் வேலை பார்த்தார், லண்டன் கிளையைக் கவனித்தார், 1320-களில் சைப்ரஸ் தீவின் ஃபமகுஸ்தா துறைமுகத்தில் இருந்தார். புளோரன்ஸ் வணிகர்கள் அங்கே இரண்டு சதவீதச் சுங்கம் மட்டும் கட்டினால் போதும் என்ற சலுகையை அந்நாட்டு அரசனிடம் கேட்டு வாங்கியவர் அவர்தான். அவர் கால் படாத இடம் ஒன்று உண்டு. அது சீனம்.

போகாத ஊருக்கு வழி சொன்னவர் என்று அவரைக் கேலி செய்யலாம். ஆனால் போன ஒருவரோடு ஒப்பிட்டால் கேலி அடங்கிவிடும். மார்கோ போலோ 1298-இல் ஜெனோவாச் சிறையில் இருந்தபடி தன் பயணத்தைச் சொல்ல, உடனிருந்த கைதி எழுதினார். அதில் அரண்மனைகள், வேட்டைகள், விருந்துகள், வியப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு சரக்குப் பொதியோடு கிளம்புகிறவனுக்கு மாட்டு வண்டி எத்தனை கட்டு சுமக்கும் என்ற செய்தி எளிதில் கிடைக்காது. பெகோலோத்தியிடம் வியப்பே இல்லை. வண்டிக் கணக்கு இருக்கிறது. திரும்பி வந்த வணிகர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு கணக்குப்பிள்ளை என்னென்ன கேட்பாரோ அத்தனையும் கேட்டிருக்கிறார்.

‘வணிக நடைமுறை’ என்று இன்று அழைக்கப்படும் அந்தப் புத்தகத்தில் சீனப் பகுதி சில பக்கங்கள்தான். மற்றதெல்லாம் எந்தத் துறைமுகத்தில் எந்த எடை, எந்த அளவை, எந்த நாணயம், எவ்வளவு வரி என்ற பட்டியல்கள். நறுமணப் பொருள், மருந்து, சாயம் என்று 288 வகைச் சரக்குகள் ஒரு பட்டியலில் வருகின்றன. மிளகும் இஞ்சியும் நம் பக்கத்திலிருந்து போனவை. தொடக்கத்திலேயே சுங்கம், சந்தை, கிடங்கு, மொழிபெயர்ப்பாளர் ஆகியவற்றுக்கு ஊருக்கு ஊர் என்ன சொல் என்று ஒரு சிறு சொற்பட்டியலும் உண்டு. வெளியூரில் முதலில் காதில் விழ வேண்டிய சொற்கள் எவை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

வழி தானாவில் தொடங்குகிறது. டான் ஆறு அசோவ் கடலில் கலக்கும் இடத்தில் வெனிஸ்காரர்களும் ஜெனோவாக்காரர்களும் கடை வைத்திருந்த ஊர் அது. அங்கிருந்து அஸ்திரகானுக்கு மாட்டு வண்டியில் 25 நாள், குதிரை வண்டியில் 10 அல்லது 12 நாள். பிறகு ஆற்று வழியாக ஒரு நாளில் மேற்கே ஆண்ட மங்கோலியரின் தலைநகரான சராய். அங்கிருந்து மறுபடி தண்ணீரில் 8 நாள். அடுத்து ஒட்டக வண்டியில் 20 நாள் போனால் ஊர்கெஞ்ச். அங்கே கொண்டுபோன லினன் துணியை விற்று வெள்ளிக் கட்டிகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். இனிமேல் சுமை குறைவாக இருப்பதே நல்லது. ஒத்ரார் வரை மீண்டும் ஒட்டகம், 35 முதல் 40 நாள். அதற்கப்பால் வண்டி கிடையாது, பொதிகழுதைதான். அல்மாலிக் வரை 45 நாள், சீனத்தின் வடமேற்கு எல்லை வரை இன்னும் 70 நாள். அப்புறம் ஓர் ஆற்றங்கரை வரை 45 நாள். ஆற்றின் வழியே ஹாங்சோ போய் வெள்ளியை மாற்றிக்கொண்டு, கடைசி 30 நாளில் கான்பாலிக், அதாவது இன்றைய பெய்ஜிங். இடையில் தங்கும் நாட்களைக் கழித்துவிட்டாலும் ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகிறது.

முதல் 25 நாளுக்கு மாவும் உப்பிட்ட மீனும் கட்டிக்கொள்ளச் சொல்கிறார். இறைச்சிக்குக் கவலை வேண்டாம், வழியெங்கும் கிடைக்கும்.

தாடிக்கு அடுத்தபடி அவர் அழுத்திச் சொல்வது மொழிபெயர்ப்பாளரைப் பற்றி. தானாவிலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும். கூலி குறைவு என்று மட்டமான ஆளை அமர்த்தக் கூடாது. நல்லவனுக்குக் கொடுக்கும் கூடுதல் சம்பளத்தை விட, அவனால் மிச்சமாகும் பணம் அதிகம். கூடவே வேலையாட்கள் இருவராவது வேண்டும். அவர்களுக்குக் குமான் மொழி தெரிந்திருக்க வேண்டும். கருங்கடலிலிருந்து நடு ஆசியா வரை அந்தத் துருக்கிய மொழியே சந்தையில் செல்லுபடியானது. அதைக் கற்க விரும்பியவர்களுக்கு ஒரு புத்தகமும் இருந்தது. வெனிஸ் மார்ச்சியானா நூலகத்தில் இன்றும் இருக்கும் ‘கோதெக்ஸ் குமானிக்குஸ்’ என்ற கையெழுத்துப் படியில் இலத்தீன், பாரசீகம், குமான் என்று மூன்று பத்திகளில் சொற்கள் ஓடுகின்றன. அதில் 1303 என்ற ஆண்டு குறிக்கப்பட்டிருக்கிறது. சரக்குகளின் பெயர்கள் நிறைய வருவதைப் பார்த்தால், அது புலவர்களுக்காக எழுதியது அல்ல என்று தெரியும்.

மொழி தெரிந்த ஆள் வெறும் நாக்கு அல்ல என்பது தமிழ்க் கடற்கரைக்குப் புதிதல்ல. இரண்டு மொழி பேசுகிறவர் என்ற பொருளில் பிறந்த ‘துபாஷி’ என்ற சொல், சென்னையிலும் புதுச்சேரியிலும் மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறிக்கவில்லை. தரகர், கடன் கொடுப்பவர், ஆள் பிடித்துத் தருபவர், ஆலோசகர் எல்லாம் அவரே. புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால், வெளிநாட்டு வணிகம் என்பது எத்தனை பேர் வாய் வழியாக நடந்தது என்பது விளங்கும். துபாஷி சரியில்லை என்றால் கப்பலே வந்தாலும் பயனில்லை.

அந்த ஆளையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, பெகோலோத்திக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பிந்திய காண்டன் துறைமுகம் சான்று. 1757-இல் மேலை நாட்டுக் கப்பல்கள் அந்த ஒரு துறைமுகத்துக்கு மட்டுமே வரலாம் என்று சீனப் பேரரசர் ஆணையிட்டார். பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் சீன மொழி அறிந்த ஜேம்ஸ் ஃபிளின்ட் என்பவர் 1759-இல் வடக்கே தியென்சின் வரை கப்பலில் போய், காண்டன் அதிகாரிகள் மீது சீன மொழியிலேயே புகார் மனு கொடுத்தார். விளைவு? ஃபிளின்டுக்கு மக்காவு நகரில் மூன்றாண்டுச் சிறை, பிறகு நாடு கடத்தல். மனுவை எழுத உதவிய சீனருக்குத் தலை போயிற்று. அதன் பின் வந்த விதிகளின்படி வெளிநாட்டார் குளிர்காலத்தில் காண்டனில் தங்கக் கூடாது. அரசு உரிமம் பெற்ற வணிகக் குழுவினரோடு மட்டுமே கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களும் உரிமம் பெற்றவர்களே. அந்த ‘மொழியறிஞர்’களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் துறைமுகத்துக் கலப்பு ஆங்கிலம் மட்டும். நல்ல துபாஷிக்குச் சிக்கனம் பார்க்காதே என்ற அறிவுரை அங்கே செல்லாது. தேர்ந்தெடுக்கும் உரிமையே வந்தவனிடம் இல்லை.

தானாவுக்குத் திரும்புவோம். அங்கே ஒரு பெண்ணையும் உடன் அழைத்துக்கொள்ளலாம் என்கிறார் பெகோலோத்தி. கட்டாயமில்லை. ஆனால் பெண்ணோடு போகிற வணிகருக்கு வழியில் வசதி கூடும்; அவளுக்கும் குமான் மொழி தெரிந்திருந்தால் நல்லது. அவ்வளவுதான். தானாவும் அதன் அண்டை ஊர்களும் அன்றைக்கு அடிமைச் சந்தைக்குப் பேர் போனவை. அந்தப் பெண் யார், கூலிக்கு வந்தவளா, விலைக்கு வாங்கப்பட்டவளா, ஒன்பது மாத வழியின் முடிவில் அவள் கதி என்ன என்ற கேள்விகள் அந்தக் கணக்கேட்டில் எழவேயில்லை. ஒட்டகத்துக்கு எவ்வளவு சுமை என்று அக்கறையாக எழுதிய அதே பேனா இதை ஒரு வரியில் கடந்து போகிறது.

சுங்கச் சாவடியில் அந்தப் பேனா தயக்கமே காட்டுவதில்லை. சுங்க அதிகாரிகளை மரியாதையாக நடத்துங்கள். அவர்களுக்கும் எழுத்தர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சரக்கோ காசோ ஏதாவது கையில் கொடுங்கள். இனிமையாகப் பழகுவார்கள், உங்கள் சரக்கை உள்ளபடியான விலைக்குக் கீழேயே மதிப்பிடுவார்கள். சுற்றி வளைக்காமல் இப்படி எழுதி வைத்திருக்கிறார். இன்றைய நிறுவனக் கையேடு எதுவும் இதை அச்சில் போடாது.

செலவுக் கணக்கு வியக்க வைப்பது. 25,000 பொன் ஃபுளோரின் பெறுமான சரக்கோடு, மொழிபெயர்ப்பாளர் ஒருவர், வேலையாட்கள் இருவர் சகிதம் போகிற வணிகர், சீனம் போய்ச் சேர 60 முதல் 80 சொம்மோ, அதாவது வெள்ளிக் கட்டி, செலவழிப்பார். பார்த்துச் செலவு செய்தால் அதற்கு மேல் ஆகாது. ஒரு சொம்மோ ஐந்து ஃபுளோரின். ஆக 300 முதல் 400 ஃபுளோரின். சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்த புளோரன்ஸ் வணிகர் எவருக்கும் கால் பரபரத்திருக்கும்.

பாதுகாப்பு? தானாவிலிருந்து சீனம் வரை பாதை இரவும் பகலும் பத்திரமானது என்று போய் வந்தவர்கள் சொல்வதாகக் குறிக்கிறார். மங்கோலிய அரசுகள் அந்தப் பெருவெளியை ஆண்ட காலத்தின் பயன் அது. தானாவுக்கும் சராய்க்கும் இடையே மட்டும் கொஞ்சம் அச்சம் உண்டு. ஆனால் அறுபது பேர் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால், எவ்வளவு மோசமான காலத்திலும் சொந்த வீட்டில் இருப்பதுபோல் போகலாம். சாத்து என்று நம் பழைய நூல்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, சுங்கச் சாவடிகள் உள்ள பெருவழியில் நடக்கிறது. கழுதையும் மிளகும் சுங்கமும் எல்லா நாட்டுக்கும் பொது.

ஆபத்து என்று அவர் உண்மையில் எண்ணுவது கொள்ளையர்களை அல்ல, சாவை. வழியிலோ சீனத்திலோ வணிகர் இறந்துபோனால், அவர் உடைமை முழுவதும் இறந்த இடத்து ஆட்சியாளருக்குச் சேர்ந்துவிடும். அதிகாரிகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். விதிவிலக்கு ஒன்றே: உடன் வந்த அண்ணனோ தம்பியோ, அல்லது தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளும் நெருங்கிய கூட்டாளியோ இருந்தால் சரக்கு அவர் கைக்கு வரும். ‘சொல்லிக்கொள்ளும்’ என்ற இடத்தில் கண் நின்றுவிடுகிறது. கிளம்பும் முன்பே ஒரு பொய்யை ஒத்திகை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொல்கிறார்.

இன்னொரு ஆபத்து, ஆட்சியாளரே இறந்துபோவது. அடுத்தவர் அரியணை ஏறும் வரைக்கும் இடைப்பட்ட நாட்களில் வெளிநாட்டார் மீது, குறிப்பாக ‘ஃபிராங்கு’கள் மீது, கை வைக்கும் வழக்கம் உண்டாம். பைசாந்தியத்துக்கு மேற்கே உள்ள எல்லாக் கிறித்தவர்களையும் அங்கே ஃபிராங்குகள் என்றே அழைப்பார்கள் என்றும் விளக்குகிறார். பரங்கி என்று தமிழில் புழங்குவது அதே சொல்தான். பாரசீகம், அரபு வாய்களில் உருண்டு இங்கே வந்து சேர்ந்தது.

சாவைப் பற்றிய அந்தக் குறிப்பு வெறும் எச்சரிக்கை இல்லை. 1338-இல் ஜியோவான்னி லொரெதான் என்ற வெனிஸ் பிரபு கூட்டாளிகளோடு டில்லிக்குக் கிளம்பினார். சுல்தான் முகமது பின் துக்ளக் வெளிநாட்டாருக்கு வாரி வழங்குகிறார் என்ற பேச்சு வெனிஸ் வரை எட்டியிருந்தது. கூட்டாளிகள் டில்லி போய்ச் சேர்ந்தார்கள், பெரும் வெகுமதியும் பெற்றார்கள். லொரெதான் வழியிலேயே இறந்துவிட்டார். அவருக்கு முதல் போட்டவர்களில் மாமனாரும் ஒருவர். போட்ட பணமும் லாபமும் கேட்டு வெனிஸில் அவர் தொடர்ந்த வழக்கின் தாள்கள் இருப்பதால்தான் இந்தப் பயணமே நமக்குத் தெரிகிறது. மருமகன் திரும்பியிருந்தால் எழுத்தில் ஒரு வரியும் மிஞ்சியிருக்காது.

சீனத்தின் யாங்சோ நகரின் கோட்டை மதிலை 1950-களின் தொடக்கத்தில் இடித்தபோது ஒரு கல்லறைக் கல் வெளிப்பட்டது. இலத்தீன் எழுத்துகள்; மேலே புனித கத்தரீனாளின் கதைக் காட்சிகள். காலஞ்சென்ற தொமேனிக்கோ விலியோனியின் மகள் கத்தரீனா 1342 ஜூன் மாதம் இறந்ததாக அது சொல்கிறது. அடுத்து, அவள் சகோதரன் அந்தோனியோவின் கல்லும் கிடைத்தது. அது 1344. பெகோலோத்தி வழிச்செலவைக் கூட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஒரு வணிகக் குடும்பமே சீன நகரம் ஒன்றில் வாழ்ந்து அடங்கியிருக்கிறது. கல்லைச் செதுக்கிய சிற்பி உள்ளூர்க்காரர் என்பது உருவங்களின் சாயலிலேயே தெரிகிறது.

உயிரோடு போய்ச் சேர்ந்தவருக்குக் காத்திருந்தது காகிதம். கொண்டுவந்த வெள்ளியை, சீனத்தை ஆண்ட மங்கோலியக் கானின் கருவூலம் எடுத்துக்கொண்டு, முத்திரை குத்திய மஞ்சள் தாள்களைக் கொடுக்கும். அதைக் கொண்டு பட்டோ வேறெதுவோ வாங்கலாம். யாரும் மறுக்க முடியாது. தாள்தானே என்று விலை கூட்டிக் கேட்கவும் மாட்டார்கள் என்று பெகோலோத்தி ஆறுதல் சொல்கிறார். பொன் ஃபுளோரினைக் கடித்துப் பார்த்து வாங்கிப் பழகிய ஊரில் இதை நம்ப வைக்கக் கொஞ்சம் பாடுபட்டிருக்க வேண்டும். அடுத்த வரியிலேயே ஒரு சொம்மோவுக்கு 19 அல்லது 20 ராத்தல் பட்டு கிடைக்கும் என்று கணக்குக்குத் தாவிவிடுகிறார்.

இந்தத் தரைவழியைத் தமிழ் வணிகர்கள் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குக் கடல் இருந்தது. சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கடைசி வரி மட்டும் சீனம். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலம் வேண்டி அங்கே சிவன் கோயில் எழுப்பிய செய்தி அது. சுங்க அதிகாரிக்கு என்ன கொடுப்பது என்று பெகோலோத்தி எழுதியதற்கு அறுபது ஆண்டு முன்னரே, மன்னன் பெயரால் ஒரு கோயில் கட்டினால் காரியம் எப்படி நடக்கும் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. பக்தியும் இருந்திருக்கும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அவர்கள் கையேடு எழுதவில்லை, அல்லது எழுதிய ஓலை எதுவும் மிஞ்சவில்லை. பதிலுக்குக் கல் மிஞ்சியிருக்கிறது. சுமாத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு கூடி ஒரு தீர்மானம் போடுகிறது. வந்து சேரும் கப்பலின் தலைவனும் கப்பல் ஆட்களும் கஸ்தூரியின் விலையை ஒட்டி இவ்வளவு பொன் கட்ட வேண்டும். கட்டிய பிறகே விரித்த பாவாடையில், அதாவது நடைவிரிப்பில், ஏற வேண்டும். கற்பூரம் விளையும் அந்தக் கரையில் முதல்முறை இறங்கும் தமிழ் வணிகர் யாரைப் பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்று திகைக்க வேண்டாம். குழு முன்கூட்டியே போய் உட்கார்ந்திருக்கிறது. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது புத்தகம் எதற்கு?

வழி சொல்லும் இலக்கியம் தமிழில் இல்லாமலும் இல்லை. ஆற்றுப்படை முழுக்க அதுதானே: பரிசு பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருகிறவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இந்த நிலத்தில் இன்ன சோறு கிடைக்கும், இன்னாரைப் பார் என்கிறான். ஆனால் அது பாணனுக்கும் கூத்தனுக்கும் பொருநனுக்கும். வணிகன் கேட்டுத் தெரிந்துகொண்டதை யாரும் பாடவில்லை.

தமிழகத்துக்கு வந்தவனுக்கு மட்டும் கையேடு இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வணிகர் ஒருவர் ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற 66 சிறு பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். அவர் பெயர் எங்கும் இல்லை. நேரில் பார்த்து எழுதியவர் என்பது நடையிலேயே தெரிகிறது. சேர நாட்டு முசிறிக்குப் போகிறவர்கள் ஜூலை வாக்கில் எகிப்திலிருந்து கிளம்ப வேண்டும். முக்கியமாகக் காசு எடுத்துப் போக வேண்டும், நிறைய. பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, தகரம், ஈயம் போகும். திராட்சை மது கொஞ்சம் போதும்.

அப்புறம் ஒரு சின்னக் குறிப்பு: கப்பல் ஆட்களுக்குப் போதுமான கோதுமை எடுத்துச் செல்லவும், ஏனென்றால் அங்குள்ள வணிகர்கள் கோதுமையைத் தொடுவதில்லை. அரிசிச் சோற்று நாட்டில் ரொட்டி கிடைக்காது என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமா! பருவக்காற்று மாறும் வரை மாதக்கணக்கில் இங்கே தங்க வேண்டியவனுக்கு இது முக்கியமான செய்தி. வெளிநாடு கிளம்பும் தமிழர் பெட்டியில் பருப்புப்பொடிக்கும் புளிக்காய்ச்சலுக்கும் இடம் ஒதுக்குவது வரலாற்றின் மறுபக்கம்.

வடக்கே பரிகாசா, இன்றைய பரூச், போகிறவர்களுக்கு அவர் தரும் அறிவுரை வேறு வகை. ஆற்று முகத்தில் மணல்திட்டும் வேகமான ஓதமும் ஆபத்தானவை. அரசனின் மீனவர்கள் படகில் எதிரே வந்து கப்பலை இழுத்துப் போவார்கள், அவர்களை நம்பலாம். அரசனுக்குப் பரிசாக வெள்ளிப் பாத்திரம், பாடத் தெரிந்த சிறுவர்கள், அந்தப்புரத்துக்கு அழகிய பெண்கள், உயர்ந்த மது, விலையுயர்ந்த ஆடை. மறுபடியும் மனிதர்கள் சரக்குப் பட்டியலில் மதுவுக்கு முன்னே நிற்கிறார்கள்.

அந்தக் கப்பல்களில் திரும்பிப் போனது மிளகு மட்டும் இல்லை. செங்கடல் கரையில் குவைசர் அல்-காதிம் துறைமுகத்தில் தோண்டியபோது, கணன், சாதன் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கணனும் சாதனும் எகிப்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு கையேடு, நார்வேயில் பதின்மூன்றாம் நூற்றாண்டு நடுவில் எழுதப்பட்ட ‘அரசனின் கண்ணாடி’. அதில் தொனியே வேறு. தந்தை மகனுக்குச் சொல்வதாக அமைந்த நூல். வெளியூர்ச் சந்தையில் பண்பாக நட. காலையில் எழுந்து கோயிலுக்குப் போ. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரி. பேரம் முடிக்கும்போது நம்பகமான சிலரைச் சாட்சி வைத்துக்கொள். குடி, சூதாட்டம், விலைமாதர், சண்டை பக்கம் போகாதே. எல்லா மொழியும் கற்றுக்கொள், இலத்தீனும் பிரெஞ்சும் முக்கியமாக. ஆனால் உன் மொழியை விட்டுவிடாதே. பெகோலோத்தி நல்ல துபாஷியைக் கூலிக்கு அமர்த்தச் சொன்னார். நார்வே அப்பா மகனையே துபாஷியாக்கப் பார்க்கிறார். பாய் தைக்க ஊசியும் நூலும், ஆணிகள், துளைக்கருவி எல்லாம் கப்பலில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. லாபம் பெருகினால் மூன்றில் இரண்டு பங்கை நிலத்தில் போடு என்கிறார். கடலில் வந்த காசுக்கும் கடைசியில் நிலத்தைத்தான் நம்புகிறார்.

பெகோலோத்தியின் பாதைக்கு ஆயுள் அதிகமில்லை. அவர் புத்தகம் முடிந்த சிறிது காலத்திலேயே, 1343-இல், தானாவின் தெருவில் வெனிஸ்காரர் ஒருவருக்கும் உள்ளூர் முஸ்லிம் ஒருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிக் கொலையில் முடிந்தது. இறந்தவர் உள்ளூர்க்காரர். அந்தப் பகுதியை ஆண்ட மங்கோலிய மன்னர் ஜானிபெக் கான் இத்தாலியர்களை ஊரை விட்டே விரட்டினார். பின்னர் கருங்கடல் கரையில் ஜெனோவாக்காரர்கள் வைத்திருந்த காஃபா கோட்டையை முற்றுகையிட்டார். அந்த முற்றுகைப் படைக்குள் 1346-இல் கொள்ளைநோய் புகுந்தது; அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போயிற்று. அதே ஆண்டு பார்தி நிறுவனம் திவாலானது. இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு வாங்கிய கடனைத் திருப்பாதது அதற்கு ஒரு காரணம். 1368-இல் சீனத்தில் மங்கோலிய ஆட்சியே கவிழ்ந்தது. அறுபது பேர் சேர்ந்தால் சொந்த வீட்டில் இருப்பதுபோல் போகலாம் என்ற வரி அப்படியே நின்றது, பாதைதான் இல்லை.

அவர் கையால் எழுதிய படி கிடைக்கவில்லை. நமக்கு வந்து சேர்ந்த ஒரே படி, பிலிப்போ ஃபிரெஸ்கோபால்தி என்ற புளோரன்ஸ்காரர் 1472-இல் பார்த்து எழுதியது. பாதை மூடி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. வெள்ளியை வாங்கிக்கொண்டு மஞ்சள் தாள் கொடுத்த கானும் இல்லை, பெகோலோத்தி வேலை பார்த்த நிறுவனமும் இல்லை. ஆனாலும் ஃபிரெஸ்கோபால்தி தாடி அறிவுரையைக்கூட விடாமல் எழுதினார். மூன்றே ஆண்டில், 1475-இல், உதுமானியக் கடற்படை வந்து காஃபாவையும் தானாவையும் பிடித்தது. 25 நாளுக்கு மாவும் உப்பிட்ட மீனும் கட்டிக்கொள்ளச் சொல்லும் அந்தத் தாள் புளோரன்ஸின் ரிக்கார்தியானா நூலகத்தில் இருக்கிறது.